தணிக்கைக் கட்டுகளைப் பிரிக்கும் முன்

அன்புள்ள நிலாவுக்கு,

பிரிட்டிஷ் நூலகத்தில் வாசகர் அட்டை வாங்கிவிட்டதாக எழுதியிருந்தாய். சந்தோஷம். எல்/மில்/5/825 முதல் 828 வரை எண்ணிட்ட ஆவணக் கட்டுகளைக் கேள். முதல் உலகப் போரில் பிரான்சில் இருந்த இந்தியச் சிப்பாய்களின் தபால் பற்றிய தணிக்கை அறிக்கைகள் அவை. சிப்பாய் கைப்பட எழுதிய தாளை எதிர்பார்த்துப் போகாதே. அங்கே இருப்பது ஆங்கில மொழிபெயர்ப்பு, அதுவும் பெரும்பாலும் துண்டு துண்டாக.

அந்தத் துண்டு எத்தனை கை மாறி உன்னிடம் வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டு படி. சிப்பாய்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவன் சொல்லச் சொல்ல இன்னொருவன் எழுதினான். அப்போதே, பக்கத்தில் இருப்பவன் காதில் விழக்கூடாதது கழிந்துவிட்டது. அடுத்து ரெஜிமெண்ட் அதிகாரி பார்த்தார். அதன்பின் பூலோன் நகரத்தில் ஈ. பி. ஹோவெல் என்ற அதிகாரியின் கீழ் இருந்த தணிக்கை அலுவலகம். 1915 மார்ச் வாக்கில் வாரத்துக்குப் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் கடிதம் வரை சிப்பாய்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஹோவெலிடம் இருந்ததோ கொஞ்சம் ஆட்கள். எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்க வழியே இல்லை. உருது, குர்முகி, இந்தி என்று எடுத்ததைப் படித்து, அதிலும் பொறுக்கி, ஒவ்வொரு அறிக்கையோடும் நூறு கடிதம் அளவுக்கு மொழிபெயர்த்துச் சேர்த்தார்கள்.

அதனால் "இத்தனை சதவீதம் பேர் சோர்ந்துபோயிருந்தார்கள்" என்று கணக்குப் போட்டு எழுதிவிடாதே. பலர் தடுக்கி விழும் இடம் அதுதான். படையின் மனநிலை எப்படி என்று மேலிடத்துக்குச் சொல்வதற்காகப் பொறுக்கியவை இவை. நிலத் தகராறும், கடனும், எருமை ஈன்ற செய்தியும் அசல் தபால் பையில் இதைவிட அதிகமாகவே இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

ஒவ்வொரு துண்டின் தலைப்பிலும் யார், எந்தப் படை, எங்கிருந்து, யாருக்கு, எந்த மாவட்டம், எந்த மொழி, என்ன தேதி என்று இருக்கும். அவசரத்தில் இதைத் தாண்டிப் போய் வாசகத்தை மட்டும் குறித்துக்கொள்கிறார்கள். பாதி அர்த்தம் அங்கேயே போய்விடும். உன் அட்டவணையில் கடிதத் தேதிக்கும் அறிக்கைத் தேதிக்கும் தனித்தனிக் கட்டம் போடு. பெறுபவர் என்ன உறவு என்பதற்கு ஒன்று. தணிக்கை என்ன செய்தது, அனுப்பியதா, வரிகளை அடித்ததா, நிறுத்திவைத்ததா என்பதற்கு ஒன்று.

உறவுக் கட்டம் ஏன் என்றால், அப்பாவுக்கு எழுதுகிறவன் மானம், விசுவாசம், அரசரின் உப்பு என்று எழுதுவான். அதே வாரத்தில் இன்னொருவன் தம்பிக்கோ சிநேகிதனுக்கோ "படையில் சேராதே" என்று எழுதியிருப்பான். இரண்டில் ஒன்றுதான் உண்மை என்று முடிவு கட்ட வேண்டாம். அப்பாவுக்குப் போன கடிதம் திண்ணையில் நாலு பேர் கேட்கப் படிக்கப்படும் என்று எழுதியவனுக்குத் தெரியும். மனைவிக்கு நேராக எழுதியது குறைவாக இருப்பதற்கும் இதுவே பெரிய காரணம்.

தேதியைப் போரோடு பொருத்திப் பார். 1915 மார்ச் 10 முதல் 13 வரை பிரான்சில் நவ் ஷாப்பெல் சண்டை. ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் அருகே ஜெர்மானியர் விஷவாயுவைத் திறந்துவிட்டார்கள். 26ஆம் தேதி இந்தியப் படையின் லாகூர் டிவிஷன் அங்கே தாக்குதலில் இறங்கியது. செப்டம்பர் 25 அன்று லூஸ் சண்டை தொடங்கியது. இவற்றுக்குப் பிந்திய கடிதங்களில் பிணங்கள் அறுவடைக் கதிர்போலக் கிடக்கின்றன. இது மகாபாரதம், இது கர்பலா (நபிகளின் பேரன் ஹுசைன் கொல்லப்பட்ட போர்க்களம்) என்ற பேச்சு வருகிறது. 1915 கடைசியில் காலாட்படை மெசபட்டோமியாவுக்கு (இன்றைய ஈராக்) கிளம்பியதும் தொனியே மாறிவிடும். 1918 தொடக்கம் வரை தங்கியது குதிரைப்படை. பிரெஞ்சுக் கிராமங்களில் குடியிருந்த அவர்கள் அந்த ஊர்ப் பெண்களின் உழைப்பையும் படிப்பையும் பார்த்து, ஊரில் பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லி எழுதினார்கள். இந்தப் பகுதியை ஆற அமரப் படி.

மறைபொருள் பற்றி உஷாராக இரு. கறுப்பு மிளகு என்றால் இந்தியச் சிப்பாய், சிவப்பு மிளகாய் என்றால் வெள்ளைக்காரன். கறுப்பு தீர்ந்துபோய் இப்போது சிவப்பு செலவாகிறது என்று ஒருவன் எழுதினால் அது சமையல் விஷயம் இல்லை. புரியும்வரை இதை யோசித்துப் பார் என்பதுபோல ஒரு வரி வந்தால் உள்ளே வேறு சேதி இருக்கிறது என்று ஹோவெலே எழுதிவைத்திருக்கிறார். ஆனால் அவருக்குப் புரிந்த சங்கேதம்தான் நமக்கு மிஞ்சியிருக்கிறது. புரியாதது சாதாரண வரியாக அதே பக்கத்தில் கிடக்கலாம். சிப்பாய்கள் கவிதை எழுத ஆரம்பிப்பதை அவர் மனக்கலக்கத்தின் கெட்ட அறிகுறியாகப் பார்த்தார். எனக்கு அது சிரிப்பாகத்தான் இருக்கிறது. துக்கத்தைப் பாட்டாகச் சொல்லும் ஊர்க்காரர்கள் வேறெப்படி எழுதுவார்கள்?

சேங்கொட்டை கேட்டு எழுதிய கடிதமும் கண்ணில் படும். வண்ணார் துணிக்குக் குறிபோடும் அதே கொட்டைதான். அதன் பால் தோலில் பட்டால் புண்ணாகி வீங்கும். காயம் என்று காட்டி முன்னணியிலிருந்து தப்பிக்கலாம். இதை வைத்துக்கொண்டு, காயம்பட்டவர்கள் தாங்களே காயப்படுத்திக்கொண்டார்கள் என்ற பழைய பழியைத் திரும்ப எழுதிவிடாதே. இங்கிலாந்தின் பிரைட்டனில் கிச்சனர் இந்திய மருத்துவமனைக்குத் தலைவராக இருந்த கர்னல் புரூஸ் சீட்டன் 1,000 காயங்களை ஆராய்ந்து, அப்படி நடந்ததற்குச் சான்று இல்லை என்றார். அந்த அறிக்கையையும் கூடவே வைத்துப் படி. மருத்துவமனைக் கடிதங்களில் ஓயாமல் வரும் குறை வேறு: காயம் ஆறியவனைத் திரும்பவும் முன்னணிக்கே அனுப்புகிறார்களே என்பது.

நம்மூர் ஆட்களை இந்தக் கட்டுகளில் தேடி நாளைக் கழிக்காதே. பிரான்சுக்குப் போனவர்கள் பெரும்பாலும் பஞ்சாபிகள், பட்டாணியர், கூர்க்காக்கள், கட்வாலிகள். பாளையங்கோட்டைப் பெயர் தாங்கிய 63ஆம் படை 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் இருந்தது.

மொழிபெயர்ப்பு இல்லாத சிப்பாய்க் குரல் வேண்டுமென்றால் பெர்லினுக்கு எழுதிக் கேள். பெர்லின் அருகே வுன்ஸ்டார்ஃப் முகாமில் இருந்த இந்தியப் போர்க்கைதிகளை ஜெர்மானியர் அவரவர் மொழியிலேயே பேசவைத்துப் பதிந்த ஒலித்தட்டுகள் ஹம்போல்ட் பல்கலைக்கழக ஒலிக் காப்பகத்தில் இருக்கின்றன. அதிலும் எதிரே கருவியோடு நின்றவன் யார் என்பதை மறக்காதே.

வாசிப்பு அறைக்குள் பேனா கூடாது, பென்சில்தான். படம் எடுக்கும்போது ஓரத்தில் உள்ள தாள் எண்ணும் சேர்ந்து விழும்படி எடு. இல்லாவிட்டால் அடிக்குறிப்பு எழுதும்போது மறுபடி ரயில் ஏற வேண்டிவரும். நவ் ஷாப்பெல் வாரங்களின் அட்டவணை முடிந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு, உறவுக் கட்டத்தை மட்டும் நான் சரிபார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அம்மா