அடையாறு முகத்துவாரப் பணிகள்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டும் நம் வேலையில் பெரும்பகுதி ஊரூர் குப்பத்துக்கும் சீனிவாசபுரத்துக்கும் இடையிலுள்ள மணல் திட்டோடுதான். முகத்துவாரம் அடைபட்டால் கடல்நீர் உள்ளே ஏறாது. உப்பு குறைந்து ஆகாயத்தாமரை திரு.வி.க. பாலம் தாண்டி இறங்கும். மடவை மீன் குஞ்சும் இறாலும் கடலிலிருந்து உள்ளே வர வழியிருக்காது. அலையாத்திக் கன்று நடுவதெல்லாம் இதற்கு அடுத்துதான்.

பொக்லைன் அள்ளிய மணலை முதலில் தெற்குக் கரையில் கொட்டினார்கள். மார்ச் முதல் அக்டோபர் வரை சென்னைக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். அந்தக் குவியல் அப்படியே வெட்டிய வாய்க்குள் வந்து சேரும். வடக்கே தள்ளிக் கொட்ட வைத்தோம். அடுத்தது அகலம். ஆழமில்லாமல் அகலமாக வெட்டினால் புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும். நீரின் வேகம் செத்து மணல் அங்கேயே படியும். குறுகலாக, ஆழமாக வெட்டினால் மீதியை ஆறே அரித்துக்கொள்ளும். கடலோரம் ஒரு வரப்பு மணலை விட்டுவைத்து, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, கடல் ஏற்றம் முடிந்து வற்றம் தொடங்கும் நேரத்தில் உடைக்க வேண்டும். அடுத்த ஆறு மணி நேரம் வெளியேறும் தண்ணீர் வழி செய்துவிடும்.

அதற்குமுன் ஆகாயத்தாமரையை வாரிவிட வேண்டும். உப்புநீர் பட்டால் செத்து, மூழ்கி, அழுகி, ஆக்சிஜனைத் தின்றுவிடும். வாரியதைக் கரையில் போட்டால் முதல் மழையில் மறுபடி ஆற்றுக்குள்.

கரைந்த ஆக்சிஜனை விடியுமுன் அளக்கிறோம். அப்போதுதான் மிகக் குறைவு. லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் கவலையில்லை. 2க்குக் கீழே போனால் மடவை நீர்மட்டத்தில் வாய் பிளந்து நிற்கும். கோடை மழைக்கு மறுநாள் கட்டாயம் அளக்க வேண்டும்: வடிகால்களில் மாதக்கணக்கில் தேங்கிய கருஞ்சேறு மொத்தமாக வந்து விழும். ‘மீன்தான் நிறைய இருக்கிறதே’ என்று ஜிலேபி மீனைக் காட்டுகிறவர்கள் உண்டு. ஜிலேபி சாக்கடையிலும் பிழைக்கும். நாம் எண்ணுவது மடவையும் கொடுவாவும்தான்.

வெண்கண்டல் என்னும் அலையாத்தி மரத்தின் விதைகளை வாய்க்காலின் சரிவில், நடுமட்டத்தில் ஊன்ற வேண்டும். மேட்டில் ஊன்றியவை கோடையில் உப்பேறிக் கருகின; அடியில் ஊன்றியவை சேற்றில் புதைந்தன. கிளை வாய்க்கால் பெரிய வாய்க்காலோடு 45 பாகைக் கோணத்தில், மீன்முள் போலச் சேர்ந்தால் நீர் தேங்காது. நாற்றில் சுற்றும் பாலித்தீன் பையை வாரந்தோறும் எடுக்க ஆள் போதவில்லை.

ஆக்சிஜன் மீட்டரின் சவ்வு கிழிந்துள்ளது. மாற்றும் செலவைப் பொருளாளர் தம் அறிக்கையில் வைப்பார்.