பயிற்சியாளருக்கு வாய் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பணியிடப் பயிற்சியாளர் வேலையைப் பற்றி சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். நெடுங்காலமாக இதே தொழிலில் இருப்பவன் என்பதால் ஆவலோடுதான் படித்தேன். ஆனால், நாலு பேர் முன்னால் கூச்சமின்றிப் பேச வந்தால் போதும், நீங்களும் பயிற்சியாளர் ஆகலாம் என்ற தொனி கட்டுரை முழுக்க ஓடுகிறது. அதில் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் ஒரு திருத்தம். படிப்பதில் 10 சதவீதமும் கேட்பதில் 20 சதவீதமும் செய்வதில் 90 சதவீதமும் நினைவில் நிற்கும் என்ற கணக்கை எட்கர் டேலின் பெயரில் அச்சிட்டிருக்கிறீர்கள். அந்த அமெரிக்கக் கல்வியாளர் கற்கும் வழிகளை அடுக்கிக் காட்ட 1946-இல் வெளியிட்ட 'அனுபவக் கூம்பு' படத்தில் எந்தச் சதவீதமும் கிடையாது. அவை பிற்பாடு ஒட்டவைக்கப்பட்டவை. எண்கள் இப்படிப் பிசகாமல் பத்தின் மடங்குகளாகவே வந்து நிற்கும்போதே நமக்கு ஐயம் வந்திருக்க வேண்டும். எங்கள் தொழிலில் இதைத் திரையில் காட்டாதவர்கள் குறைவு என்பதால், கட்டுரையாளரை மட்டும் குறை சொல்வதற்கில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் புதியவர்களை விரைவாகப் பழக்குவதற்கு ஒரு முறையை வகுத்தார்கள். அதில் நான்கே படிகள்: ஆளின் பதற்றத்தைத் தணித்துத் தயார்செய், வேலையைச் செய்துகாட்டி விளக்கு, அவரையே செய்யவிட்டு விளக்கச் சொல், பிறகு அவ்வப்போது போய்ப் பார். தொழிலாளி கற்றுக்கொள்ளவில்லை என்றால் பயிற்றுநர் கற்பிக்கவில்லை என்பது அவர்கள் வைத்த விதி. நாம் பேச்சுத்திறன் என்று கொண்டாடுவதெல்லாம் இதில் இரண்டாம் படியோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது.

மூன்றாம் படியில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். புது மென்பொருள் வகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வேலையில் பழம் தின்று கொட்டை போட்ட கணக்கர் ஒருவர், எங்கே அழுத்துவது என்று தெரியாமல் மவுஸை மேசையில் அலையவிடுகிறார். பக்கத்து இருக்கையில் அவருக்குக் கீழே வேலை செய்யும் இளைஞர். பின்னால் நிற்கும் பயிற்சியாளர் பொறுமை இழந்து, "கொடுங்கள் சார்" என்று மவுஸை வாங்கி, டக்கென்று முடித்துவிடுகிறார். "ஓ, அவ்வளவுதானா" என்று கணக்கர் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு, விட்டால் போதும் என்ற சிரிப்பு. மறுநாள் அதே திரை முன்னால் அவர் தனியாகத் திணறுவார். யாரிடமும் கேட்கவும் மாட்டார். அவருக்குப் பின்னால் நின்ற பயிற்சியாளர் கைகளை முதுகுக்குப் பின்னே கட்டிக்கொண்டு, "பழைய முறையில் இதை எப்படிச் செய்வீர்கள், சொல்லுங்கள்" என்று கேட்டிருக்க வேண்டும். அவரது அனுபவத்தில் பாதி விடை இருக்கிறது. வளர்ந்தவர்களின் கல்விக்கு அவர்களது அனுபவமே மூலதனம் என்று 1926-லேயே அமெரிக்கக் கல்வியாளர் எட்வர்ட் லிண்டமன் எழுதிவிட்டார். இன்னும் நாம் காலிப் பாத்திரத்தில் ஊற்றுவதுபோல்தான் ஊற்றிக்கொண்டிருக்கிறோம்.

நான்காம் படியான போய்ப் பார்ப்பது அனேகமாக நடப்பதே இல்லை. பயிற்சியை அளக்க அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் நான்கு கேள்விகளை முன்வைத்தார்: வகுப்பு பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, அதனால் பலன் விளைந்ததா. நிறுவனங்கள் பெரும்பாலும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகின்றன. வகுப்பு முடியும் நேரத்தில், பையைத் தோளில் மாட்டியபடி நிரப்பும் படிவம்தான் எங்களுக்கான தேர்வு. அதில் நட்சத்திரம் வாங்கியவரைத்தான் மறுபடி அழைப்பார்கள் என்றால், பயிற்சியாளர் நகைச்சுவைத் துணுக்குகளைத்தான் சேகரிப்பார்.

கட்டுரை தொடாத இன்னொன்றும் உண்டு. பல நேரங்களில் கோளாறு ஆட்களிடம் இருப்பதில்லை. கருவி பழுதாகியிருக்கும், அல்லது, வகுப்பில் கற்றதைச் செய்யப்போனால் மேற்பார்வையாளரே "அதெல்லாம் அங்கே, இங்கே நாங்கள் சொல்கிறபடி செய்" என்பார். இதற்கு எத்தனை நாள் வகுப்பு நடத்தியும் பயனில்லை. அப்போது "உங்களுக்கு வேண்டியது பயிற்சி அல்ல" என்று நிர்வாகத்திடம் சொல்ல வேண்டும். சொன்னால் அந்த வேலை கைவிட்டுப் போகும். சுயேச்சையாகத் தொழில் செய்பவர்களுக்கு இது வயிற்றுப்பாட்டுப் பிரச்சினை. அவர்களில் பலருக்கு வகுப்பறை நேரத்துக்கு மட்டும்தான் ஊதியம். முன்கூட்டியே போய் வேலையைக் கவனிப்பதும், பிறகு போய்ப் பார்ப்பதும் அவரவர் சொந்தச் செலவு.

இத்தொழிலைப் பற்றி மீண்டும் எழுதுவதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அப்போது மேடை உத்திகளைக் குறைத்து, இந்த ஊதிய விவரத்தையும் எழுதுங்கள். வர விரும்புவோர் தெரிந்துகொண்டு வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு பணியிடப் பயிற்சியாளர்