பெடல் ஸ்டீலை விற்க வேண்டாம், மக்களே

நெய்யூர்,
ஆனி மாதம்.

அன்பு மக்களே,

இங்கே எல்லோரும் சுகம். மழை தொடங்கிவிட்டது. அம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் கூடுதல்தான், மருந்து தேய்த்துக்கொண்டு நடமாடுகிறாள். நீயும் மருமகளும் பிள்ளையும் சுகம் என்று நம்புகிறேன்.

உன் பெடல் ஸ்டீலை, அந்தக் கால்மிதி பூட்டிய கிட்டாரை, சென்னையில் ஒருவர் கேட்கிறார், கொடுத்துவிடலாமா என்று போனில் கேட்டாய். அப்போது வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். அதோடு இது போனில் சொல்லித் தீருகிற காரியமும் இல்லை. விற்க வேண்டாம். என்ன விலை தந்தாலும் வேண்டாம்.

கிறிஸ்துமஸுக்கு வாசிக்க வேண்டும் என்று அவ்வளவு தூரம் சுமந்து வந்தாய். திரும்பும்போது, "எனக்கு இது வராதுப்பா, நேரமும் இல்லை" என்று சொல்லிவிட்டு இங்கேயே வைத்துவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு நான் அதன் முன்னால் உட்காராத நாள் குறைவு. இளவயதில் பாடகர் குழுவில் ஹவாயன் கிட்டார் வாசித்தவன் நான். அதை வாசித்த வான் ஷிப்லியை ரேடியோவில் கேட்டுக் கேட்டுப் பழகிய கை இது. மடியில் கிட்டாரைக் கிடத்தி, கம்பிமேல் இரும்பை நகர்த்தி வாசிக்கிற அந்த முறையை 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹவாய்க்காரர் ஜோசப் கெகுகு பரப்பினார் என்பார்கள். நம் கோட்டுவாத்தியமும் அப்படித்தானே, வீணையில் இருப்பதுபோல விரல் வைக்க மெட்டு கிடையாது, தந்திமேல் நகர்த்துகிற கட்டைதான் சுரத்தைத் தேடிப்போக வேண்டும். அதனால் அந்த இரும்பை, ஸ்டீல் பாரை, பிடிப்பது எனக்குப் புதிதில்லை. பெடல்தான் புதிது.

முதலில் அதைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தைப் பார்த்தேன். பணிமனையில் காலம் கழித்தவனுக்கு அதைப் பார்த்தாலே மனது நிறைந்துவிடும். பெடலை மிதித்தால் செங்குத்துக் கம்பி இழுபடுகிறது, குறுக்கே கிடக்கும் தண்டு திரும்புகிறது, அது இன்னொரு நீளக் கம்பியை இழுக்கிறது, கடைசியில் தந்தியைத் தாங்கும் விரல் போன்ற துண்டு அசைந்து தந்தி இறுகுகிறது. எவ்வளவு இறுக வேண்டும் என்பதை ஓரத்தில் இருக்கிற சின்ன நைலான் நட்டு முடிவு செய்கிறது. பத்துத் தந்தியையும் சுருதி சேர்த்தால் போதாது, ஒவ்வொரு பெடலையும் முழங்காலால் தள்ளுகிற ஒவ்வொரு லிவரையும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். நீ அலுத்துப்போனது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். எனக்கு அந்த வேலையே பிடித்திருக்கிறது.

சரி, கஷ்டத்தையும் சொல்கிறேன். இடது கையில் பார், வலது கையில் மூன்று விரலுக்கு மாட்டிய, தந்தி மீட்டுகிற பிக், இடது கால் பெடலில், வலது கால் வால்யூம் பெடலில், இரண்டு முழங்காலும் லிவரில். இத்தனையும் ஒரே நேரத்தில். பஸ் ஓட்டுகிறவர் கிளட்சை நினைத்து நினைத்தா மிதிக்கிறார்? அந்தப் பழக்கம் வருகிறவரை பொறுத்துத்தான் ஆக வேண்டும். பலகையில் இருக்கிற கோடு வெறும் அடையாளம், பார் ஒரு மயிரிழை விலகினாலும் காதில் உறுத்தும். எல்லாவற்றையும்விடக் கஷ்டம் சத்தத்தை நிறுத்துவது. ஒரு தந்தியை மீட்டி அடுத்ததற்குப் போகுமுன் உள்ளங்கையின் ஓரத்தால் முந்தியதை அடக்க வேண்டும். இல்லையென்றால் எல்லாம் கலந்து இரைச்சலாகிவிடும். ஆம்ப்ளிஃபயரே போடாமல், கதவைச் சாத்திக்கொண்டு, அதை மட்டும் பழகுகிறேன். பைய வருகிறது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நீ வைத்திருக்கிற ஈ9 என்கிற சுருதி அமைப்பில், 'ஈ' என்ற மேல்நாட்டுச் சுரத்தை ஸட்ஜமாக வைத்துக்கொள். நாலு, ஆறு, ஐந்தாம் தந்திகளில் மேல் ஸ, க, ப கிடைக்கும். முதல் பெடலை மிதித்தால் ப ஏறி த ஆகும். இரண்டாவதை மிதித்தால் க ஏறி ம ஆகும். ஸ மட்டும் அசையாமல் நிற்கும். பார் நகரவே இல்லை, ஆனால் ஸ-க-ப இருந்த இடத்தில் ஸ-ம-த வந்துவிட்டது. அமெரிக்காவில் 1954-இல் வெப் பியர்ஸ் பாடிய 'ஸ்லோலி' பாட்டில் பெடல் ஸ்டீல் வாசித்த பட் ஐசக்ஸ் இதைத்தான் செய்தார். ஒலித்துக்கொண்டிருக்கும்போதே தந்தி வளைந்து ஏறுகிற அந்தச் சத்தத்தைக் கேட்டு மற்ற ஸ்டீல் கிட்டார்காரர்களும் பெடல் பூட்டத் தொடங்கினார்கள்.

நம் சபைக் கோவிலில் ஒரே ஆராதனையில் மேல்நாட்டு மெட்டில் பாமாலையும் பாடுவோம், நம் ராகத்தில் கீர்த்தனையும் பாடுவோம். பாமாலைக்கு நாலு குரலும் சேர்ந்து நிற்க வேண்டும். கீர்த்தனைக்குச் சுரம் வழுக்கி, குழைந்து வர வேண்டும். ஆர்கனில் முதலாவது நன்றாக வரும், இரண்டாவது வராது. வயலினில் இரண்டாவது வரும், நாலு குரல் சேர்ந்து நிற்காது. இந்த வாத்தியத்தில் இரண்டும் ஒன்றாக வருகிறது மக்களே! பெடலை முழுக்க அழுத்தாமல் பாதியில் பிடித்து, க-வுக்கும் ம-வுக்கும் நடுவில் நிறுத்தி விட்டுப் பார், சங்கராபரணத்தில் கீர்த்தனை பாடுகிற குரல் அப்படியே கேட்கும், கூடவே ஸ தாங்கிக்கொண்டு நிற்கும். முதன்முதலில் அது வந்தபோது அடுக்களையிலிருந்து அம்மா, "யாரு பாடுறது?" என்று கேட்டாள்.

நீ அந்த நாலு குரலில் ஒன்றான டெனரைப் பாடி வளர்ந்தவன். இந்த இரண்டு பாட்டும் உன் காதில் சின்ன வயதிலேயே ஏறியிருக்கிறது. அங்கே உனக்குச் சொல்லித்தந்தவர் அமெரிக்காவின் 'கன்ட்ரி' இசை வாசிக்கிறவர், அவர் பாட்டுதான் உனக்கு ஒட்டவில்லை, வாத்தியம் இல்லை. வராது என்று நீ சொன்னதை நான் ஏற்க மாட்டேன்.

அடுத்த விடுமுறைக்கு வரும்போது நாம் சேர்ந்து உட்காருவோம். நீ பெடல் பக்கம் மட்டும் பார், சுருதியை நான் பார்த்துக்கொள்கிறேன். அதுவரை அது என்னிடம் பத்திரமாக இருக்கும். மழைக்காற்றில் தந்தி துருப்பிடிக்கிறது, வாசித்து முடித்ததும் ஒவ்வொன்றாகத் துடைத்துத்தான் மூடுகிறேன்.

ஒன்று மட்டும் செய். மூன்றாம் தந்திதான் அடிக்கடி அறுகிறது. மிக மெல்லியது, அதையே பெடல் மேலும் இழுக்கிறது. .011 அங்குல அளவு, முனையில் சின்னக் குண்டு (பால் எண்ட்) உள்ளது, ஒரு டஜன் வாங்கி, உங்கள் ஊரிலிருந்து யாராவது வந்தால் கொடுத்தனுப்பு. சென்னைக்காரரிடம் விற்பனைக்கு இல்லை என்று இன்றைக்கே சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா