விசாரணை முடியட்டும், அப்புறம் குற்றவாளி யார் என்று எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

ஒரு ரயில் விபத்து நடந்தால் மறுநாள் காலையிலேயே 'டிரைவரின் அலட்சியமே காரணம்' என்று கொட்டை எழுத்தில் செய்தி வந்துவிடுகிறது. கவிழ்ந்த பெட்டிகளைக்கூட அதற்குள் அகற்றி முடித்திருக்க மாட்டார்கள். யார் சொன்னது என்று பார்த்தால் 'ரயில்வே வட்டாரங்கள்' என்று இருக்கும். அந்த வட்டாரத்தில் இருப்பவர்களுக்கும் விபத்தில் பங்கு இருக்கலாமே, அவர்கள் சொல்வதை எப்படி அப்படியே போடுவது என்ற சந்தேகம் உங்கள் நிருபர்களுக்கு ஏன் வருவதில்லை?

2024 ஜூன் 17 அன்று மேற்கு வங்கத்தில் ரங்கபாணி அருகே கஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸ் மீது பின்னால் வந்த சரக்கு ரயில் மோதியது. சரக்கு ரயிலின் லோகோ பைலட், அதாவது டிரைவர், சிக்னலை மதிக்காமல் போனதாகத் தெரிகிறது என்று ரயில்வே வாரியத் தலைவரே அன்றைக்கே சொல்லிவிட்டார். லோகோ பைலட் விபத்தில் இறந்துபோயிருந்தார். உதவி லோகோ பைலட்டும் இறந்துவிட்டதாக அறிவித்தார்கள், ஆனால் அவர் காயத்தோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். யார் உயிரோடு இருக்கிறார் என்பதே சரியாகத் தெரியாத நேரத்தில் தப்பு யார் மேல் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்துவிட்டது, பாருங்கள். இரண்டு பேர் மீதும் வழக்கும் பதிவானது. அந்தப் புகாரைக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட பெண் பயணியோ, நான் புகாரே கொடுக்கவில்லை என்றார்.

ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரித்த பிறகு வந்த கதை வேறு. அன்று காலையிலிருந்தே அந்தப் பகுதியில் தானியங்கி சிக்னல்கள் வேலை செய்யவில்லை. அதனால் சிவப்பைத் தாண்டிப் போகலாம் என்று ஸ்டேஷன் மாஸ்டர் எழுத்துபூர்வமாக அனுமதி கொடுத்திருக்கிறார், டி.ஏ.912 என்ற படிவத்தில். எந்த வேகத்தில் போக வேண்டும் என்று அதில் இல்லை, கூடவே கொடுக்க வேண்டிய எச்சரிக்கை உத்தரவும் கொடுக்கப்படவில்லை. அன்று காலை இதே மாதிரி படிவம் வாங்கிக்கொண்டு அந்த வழியே போன மற்ற ரயில்களின் லோகோ பைலட்டுகளும் ஆளுக்கொரு விதமாக அதைப் புரிந்துகொண்டு ஆளுக்கொரு வேகத்தில்தான் போயிருக்கிறார்கள். நடக்கக் காத்திருந்த விபத்து என்றே ஆணையர் குறிப்பிட்டார். தானியங்கி சிக்னல் பகுதியில் ரயில்களை இயக்கும் முறையிலேயே பல மட்டங்களில் குறை இருந்தது என்பதுதான் அவர் கண்டது. டிரைவர் தப்பு என்று முதல் நாளே முடித்திருந்தால் இந்தப் படிவத்தை யாராவது எடுத்துப் பார்த்திருப்பார்களா?

ஆணையர் என்றதும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், பல வாசகர்களுக்குத் தெரிந்திருக்காது. ரயில்வே பாதுகாப்பு ஆணையம் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருவதில்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருகிறது. ரயில்வே தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக இருக்கக் கூடாது என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். அந்த ஆணையர் சம்பவ இடத்துக்கு வந்து சேரும் முன்பே ரயில்வே அதிகாரிகள் மைக் முன்னால் தீர்ப்புச் சொன்னால் அப்புறம் அந்த ஏற்பாட்டுக்கு என்ன அர்த்தம்? அவர் முன்னால் சாட்சி சொல்ல வருபவர்களும் அதே துறையின் ஊழியர்கள்தான். மேலிடம் என்ன நினைக்கிறது என்று டிவியில் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள்.

ஆந்திராவில் விஜயநகரம் அருகே 2023 அக்டோபரில் நடந்த மோதலில் 14 பேர் இறந்தார்கள். மோதிய ரயிலின் லோகோ பைலட்டும் உதவியாளரும் செல்போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று சில மாதங்கள் கழித்து ரயில்வே அமைச்சர் பேசினார். நாடு முழுக்க அது செய்தியானது. அந்த நேரத்தில் அவர்கள் போனைப் பயன்படுத்தவே இல்லை என்று விசாரணையில் தெரிந்ததாகப் பின்னால் வந்த செய்தியை எத்தனை பேர் படித்திருப்பார்கள்? அந்த இரண்டு பேரும் உயிரோடு இல்லை, மறுத்துப் பேச ஆளும் இல்லை.

ஒடிசாவின் பாலசோரில் 2023 ஜூனில் நடந்த விபத்தில் 290 பேருக்கு மேல் பலியானபோது இன்னும் மோசம். சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் என்பதால் நமக்கெல்லாம் நினைவிருக்கும். ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு முஸ்லிம், தலைமறைவாகிவிட்டார் என்று பரப்பினார்கள், அது பொய். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் மசூதி இருக்கிறது என்று படம் போட்டார்கள், அது இஸ்கான் கோயில். ஆணையரின் விசாரணை கடைசியில் போய் நின்றது சிக்னல் வயரிங்கில் முன்பே நடந்திருந்த தவறில்.

தப்பு செய்தவரைக் காப்பாற்றப் பார்க்கிறேன் என்று யாராவது சொல்லலாம், அதனால் கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் நடந்ததையும் எடுத்துக்கொள்கிறேன். 2025 ஜூலை 8, பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் போனார்கள். கேட்டை மூட விடாமல் வற்புறுத்தியது வேன் ஓட்டுநர்தான் என்று ரயில்வேயின் முதல் விளக்கம் வந்தது. கேட் திறந்தே இருந்தது என்றார் அடிபட்டுக் கிடந்த ஓட்டுநர். பிறகு கேட் கீப்பர்தான் கேட்டை மூடவில்லை என்று தெரிந்து அவர் வேலையும் போனது. சரி, நியாயம்தான். ஆனால் நடுவில் என்ன நடந்தது? அவர் எந்த மாநிலத்துக்காரர், என்ன மொழி பேசுவார் என்பதே விவாதமாகிவிட்டது. அந்த கேட் அப்போது இன்டர்லாக் செய்யப்படாதது, அதாவது கேட்டை மூடினால்தான் ரயிலுக்குச் சிக்னல் கிடைக்கும் என்ற கட்டாயம் அங்கே இருக்கவில்லை, ஒரு மனிதர் போனில் சொல்லும் வார்த்தையை நம்பித்தான் ரயில் வந்தது. அன்றைக்கு முதல் பக்கத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான்.

உடனே செய்தி போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. சஸ்பெண்ட் செய்தார்கள், கைது செய்தார்கள் என்றால் அதை அப்படியே போடுங்கள், அது நடந்த விஷயம். 'காரணம்' என்று தலைப்பு வைக்காதீர்கள். ஊழியரின் படம், ஊர், குடும்பம் எதுவும் வேண்டாம். சொன்ன அதிகாரியின் பெயரையும் பதவியையும் போடுங்கள், பெயர் சொல்ல மாட்டேன் என்றால் அவர் குற்றச்சாட்டையும் விட்டுவிடுங்கள். அப்புறம், ஆணையரின் அறிக்கை வரும்போது அதற்கு ஏழாம் பக்கத்து மூலையில் நான்கு வரி ஒதுக்காமல், முதல் நாள் கொடுத்த அதே இடத்தைக் கொடுங்கள். அறிக்கை வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்