கீழ்ப்பழனி மலைச் சாலையும் மிதிவண்டிப் பயணிகளும்: திண்டுக்கல் மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், வனத்துறை, நெடுஞ்சாலைத் துறை, ஊரக வளர்ச்சித் துறை அலுவலர்களுக்கும் வணக்கம்.

கொடைக்கானலுக்கு வரும் வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமானது. அடுத்த ஆண்டுக் கோடையில், வார நாட்களில் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரம்பும் விதித்தது. அந்த நெரிசலைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் எழுதுவது அதே பழனி மலைத்தொடரின் கீழ்ச் சரிவுகளில், ஏரியையும் படகுத்துறையையும் தேடாமல், மிதிவண்டியில் ஊர் ஊராகப் போகிறவர்களைப் பற்றி. அவர்களுக்கென்று புதிதாக எதையும் கட்ட வேண்டாம். இருக்கிற சாலையை மிதிவண்டியும் போகத்தக்கதாக வைத்திருந்தால் போதும் என்பதே என் விண்ணப்பம்.

நான் குறிப்பிடும் வழி தங்களுக்குத் தெரிந்ததுதான். கொடைக்கானல் ரோடு ரயில் நிலையத்தில் இறங்கி, நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, பட்டிவீரன்பட்டி, சித்தரேவு வழியாகச் சமவெளியைக் கடந்து, பெரும்பாறைக்கு ஏறி, தாண்டிக்குடி, கே.சி.பட்டி, பாச்சலூர் ஊர்களைத் தொட்டு, வடகாடு வழியாகப் பரப்பலாறு அணையை ஒட்டி இறங்கினால் ஒட்டன்சத்திரம் ரயில் நிலையத்துக்கு வந்துவிடலாம். ஒரு ரயில் பாதையில் தொடங்கி இன்னொரு ரயில் பாதையில் முடிகிற இப்படிப்பட்ட மலைவழி தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. புறப்படும் பக்கத்தில் மஞ்சளாறு வைகையை நோக்கி ஓடுகிறது. இறங்கும் பக்கத்தில் பரப்பலாற்று நீர் நங்காஞ்சியாறாகி, அமராவதியில் கலந்து, காவிரிக்குப் போகிறது. இடையில் புல்லாவெளிப் பக்கத்திலிருந்து இறங்கும் குடகனாறும் அமராவதியைத்தான் சேர்கிறது. பேருந்தில் உறங்கிக்கொண்டு வருபவருக்கு இந்த நீர்ப்பிரிமேடு எங்கே கடந்தது என்றே தெரியாது. மிதிக்கிறவருக்கு ஏற்றம் முடிந்து காற்றின் திசை மாறும் இடத்திலேயே தெரிந்துவிடும்.

வழி நெடுகிலும் சில்வர் ஓக், முள்முருங்கை மரங்களின் நிழலில் காப்பி, அவற்றின்மேல் படர்ந்த மிளகு, இடையிடையே மலைவாழை, சௌசௌ பந்தல்கள். 2008-இல் புவிசார் குறியீடு பெற்ற விருப்பாச்சி வாழைக்குப் பெயர் தந்த மண் இது. முடிக்கொத்து என்னும் வைரஸ் நோயால் அந்த வாழை எவ்வளவு சுருங்கிப்போனது என்பதைத் தோட்டக்காரர் சொல்லக் கேட்பதற்கும், தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் வாசலைக் கடக்கும்போது அங்கே என்ன வேலை நடக்கிறது என்று விசாரிப்பதற்கும் மிதிவண்டியில் வருகிறவருக்குத்தான் பொழுது இருக்கிறது. அவர் செலவழிக்கும் பணம் பெரிதன்று. ஆனால் அது டீக்கடையிலும், மெஸ்ஸிலும், வாடகைக்கு அறை தரும் வீட்டிலும் விழுகிற பணம்.

இனி குறைகளுக்கு வருகிறேன். முதலாவதும் முக்கியமானதும் சாலையின் ஓரம். மலைச் சாலையைப் புதுப்பிக்கும்போதெல்லாம் பழைய தாரின்மேலேயே புதிய தார் போடப்படுவதால், தளம் உயர்ந்துகொண்டே போகிறது, ஓரத்து மண் மழையில் அரித்துத் தாழ்ந்துகொண்டே போகிறது. பல இடங்களில் தளத்தின் விளிம்பு மண்ணைவிட அரைச் சாண் உயரத்தில் நிற்கிறது. ஜீப்புக்கோ சரக்கு வண்டிக்கோ இது ஒரு பொருட்டன்று; ஒரு சக்கரம் இறங்கினாலும் ஏறிவிடும். மிதிவண்டிக்காரரோ எதிரே வரும் வண்டிக்கு வழிவிட ஓரத்தில் இறங்கிவிட்டு மறுபடி ஏற முயலும்போது, முன்சக்கரம் விளிம்பின்மேல் ஏறாமல் அதை உரசிக்கொண்டே போகும். திருப்புபிடியைத் திருப்பத் திருப்ப உடல் மட்டும் சாலைக்குள் சாயும். அவர் விழுவது வண்டிகள் வருகிற பக்கமாகத்தான். விழுந்தவரை அனைவரும் அவசரக்காரர் என்பார்கள், விளிம்பை யாரும் பார்ப்பதில்லை. இதற்குப் பெரிய திட்டம் தேவையில்லை. தார் வேலைக்கான மதிப்பீட்டிலேயே ஓரங்களுக்குக் கிராவல் இட்டு, தளத்தின் மட்டத்துக்கு இறுக்கி, சரிவாக முடிப்பதையும் சேர்த்துவிட்டு, அந்த வேலை முடிந்த பிறகே ஒப்பந்ததாரரின் பட்டியலுக்குப் பணம் வழங்கினால் போதும். இந்தச் சாலையில் பள்ளிக்கு நடக்கும் பிள்ளைகளுக்கும், தோட்ட வேலைக்கு நடந்து போகும் பெண்களுக்கும் அந்த ஓரம்தான் நடைபாதை என்பதால், இதை மிதிவண்டிக்காரர்களின் கோரிக்கையாக மட்டும் கருத வேண்டியதில்லை.

இதனுடன் சேர்ந்தவை இன்னும் இரண்டு. இறக்கத்தில் வண்ணம் பூசப்படாத வேகத்தடைகளும், வளைவுக்கு முன் அடுக்கடுக்காகப் போடப்படும் அதிர்வுப் பட்டைகளும் மெல்லிய டயருக்கு ஆபத்தானவை. பட்டைகளைச் சாலையின் முழு அகலத்துக்கும் இழுக்காமல், இடது ஓரத்தில் இரண்டடி விட்டுப் போட்டால் மோட்டார் வாகனங்களும் வேகம் குறைக்கும், மிதிவண்டியும் கடக்கும். மற்றொன்று, ஏறி வரும் வண்டிக்கு இறங்கி வரும் வண்டி வழிவிட வேண்டும் என்ற மலைச் சாலை விதி. அரசுப் பேருந்து ஓட்டுநர்கள் தமக்குள் இதை நேர்த்தியாகக் கடைப்பிடிக்கிறார்கள், வளைவுக்கு வெகு முன்னரே ஒலி எழுப்பும் அவர்களுடைய பழக்கத்துக்கு நான் நன்றியே சொல்வேன். ஆனால் ஏறி வருவது மிதிவண்டியாக இருந்தால் அந்த விதி பொருந்தாது என்று சுற்றுலா வாகனங்களில் வரும் பலர் நினைக்கிறார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் இருக்கும் எச்சரிக்கைப் பலகைகளோடு இதற்கும் ஒரு வரி சேர்க்கலாம்.

வனத்துறையிடம் சொல்ல வேண்டியது வேறு வகையானது. 2013-இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் இந்த மலைத்தொடரில் பெரும் பரப்பைக் காக்கிறது. அதன் எல்லைக்கு வெளியே உள்ள காப்பித் தோட்டங்களிலும் யானையும் காட்டுமாடும் நடமாடுகின்றன. மிதிவண்டிக்காரர்களை அனுமதிக்கத் துறையினர் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. மோட்டார் வண்டி வருவது விலங்குக்கு முன்பே கேட்டுவிடும், ஒதுங்கிக்கொள்ளும். மிதிவண்டி ஓசையில்லாமல் வளைவில் திரும்பி, சில அடி தூரத்தில் யானையின் முன் நிற்கும். ஏற்றத்தில் திரும்பி ஓட வலு இருக்காது, இறக்கத்தில் நிறுத்த இடம் இருக்காது. இதை மறைத்துவிட்டு அனுமதி கேட்பது நேர்மையாகாது.

ஆகவே நான் கேட்பது தடையற்ற அனுமதியன்று, ஒரே மாதிரியான விதி. ஒரு வனச் சோதனைச் சாவடியில் காலை ஆறு மணிக்கு விடுகிறார்கள், இன்னொன்றில் எட்டு மணிவரை நிறுத்துகிறார்கள், வேறொரு நாள் எவரும் கேட்பதே இல்லை. காலை ஏழு முதல் மாலை ஐந்து வரை என்று ஒரே நேரத்தை நிர்ணயித்து எழுதி வைத்துவிட்டால், பயணி தன் நாளை அதற்கேற்ப வகுத்துக்கொள்வார். முந்தைய இரவு யானை சாலையை எங்கே கடந்தது என்பது வனக்காவலர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் காலையிலேயே தெரிந்திருக்கும். அதை அடிவாரத்துச் சாவடியில் ஒரு கரும்பலகையில் சாக்பீஸால் எழுதி வைப்பது செலவில்லாத காரியம். யானை இருக்கும் பகுதியை வனத்துறை வாகனத்தின் பின்னாலோ, பேருந்தின் பின்னாலோதான் கடக்க வேண்டும் என்றால் அதையும் ஏற்கலாம். மார்ச், ஏப்ரல் மாதங்களில் காட்டுத்தீ அபாயம் மிகும்போது வழியை முழுவதுமாக மூடினாலும் குறை சொல்ல மாட்டோம். காட்டோரத்தில் அடுப்பு மூட்டிச் சமைக்கிறவர் மிதிவண்டிக்காரராகவே இருந்தாலும் அபராதம் விதியுங்கள்.

வேண்டாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். மிதிவண்டிச் சுற்றுலா என்றவுடன் நுழைவு வளைவு, வண்ணத் தடம், செல்ஃபி மேடை, ஒலிபெருக்கியுடன் தொடக்க விழா என்று ஒரு பட்டியல் எங்கிருந்தோ வந்து சேர்ந்துவிடுகிறது. சாலையை மறித்து நடத்தப்படும் பந்தயங்கள் இந்த வழிக்கு ஒவ்வாதவை. விளைச்சலை ஒட்டன்சத்திரம் சந்தைக்கு ஏற்றிச் செல்லும் வண்டிகள் நம்பியிருக்கும் சாலையை, நம்பர் அட்டை குத்தியவர்களுக்காக அரை நாள் மூடுவதை விளைவிப்பவர் ஏன் பொறுத்துக்கொள்ள வேண்டும்? காட்டுக்குள் தனித் தடம் வெட்டுவது அதைவிடத் தவறானது. பளியர் பழங்குடியினரின் குடியிருப்புகளுக்குப் போகும் பாதைகள் சுற்றுலா வரைபடத்தில் இடம்பெறவே கூடாது. அப்படி ஒரு யோசனை எவரிடமிருந்தாவது வந்தால், 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி அவர்களுடைய கிராம சபையின் சொல் முதலில் கேட்கப்பட வேண்டும்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் குடிநீர்ப் பாட்டில்களுக்குக் கொடைக்கானலில் உள்ள தடை சரியானது. ஆனால் வெயிலில் ஏற்றம் மிதிப்பவருக்கு நிரப்பிக்கொள்ள இடம் வேண்டும். பெரும்பாறை, தாண்டிக்குடி, பாச்சலூர் ஆகிய ஊர்களில் பேருந்து நிறுத்தத்தை ஒட்டிச் சுத்திகரித்த நீர்க் குழாயும், பெண்கள் தயங்காமல் பயன்படுத்தத்தக்க கழிப்பறையும் இருந்தால் பேருந்துக்குக் காத்திருக்கும் ஊர்க்காரர்களுக்கும் உதவும். மிதிவண்டியை ரயிலில் ஏற்றி இறக்குவது தென்னக ரயில்வேயின் பொறுப்பு. சில நிமிடங்களே ரயில் நிற்கும் இவ்விரு நிலையங்களிலும் அதற்கொரு வழி காணும்படி மாவட்ட நிர்வாகம் ஒரு கடிதம் எழுதினால் எங்கள் மனுவைவிட அதற்கு எடை அதிகம்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் சேதமான மலைச் சாலைகளுக்கு மதிப்பீடு தயாரிக்கப்படும். அப்போது சித்தரேவு முதல் வடகாடு வரையிலான பகுதிக்கு ஓரம் சமப்படுத்தும் பணியையும் சேர்க்கும்படி நெடுஞ்சாலைத் துறைக்கு உத்தரவிட வேண்டுகிறேன். கூட்டாய்வுக்கு வரும் அலுவலர்களுடன், எந்த வளைவில் விளிம்பு எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதைக் காட்ட, நாங்கள் சிலர் மிதிவண்டியிலேயே உடன் வருகிறோம்.

இப்படிக்கு,
நிலக்கோட்டை வட்டத்தைச் சேர்ந்த மிதிவண்டிப் பயணி ஒருவர்