பச்சை வயரை மடக்கி வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருவையாற்றில் 31 வருஷம் பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். தியாகராஜர் ஆராதனைக் கச்சேரிகளைப் பதிந்து வைத்திருந்த கேசட்டுகளையெல்லாம் பேரன் கம்ப்யூட்டரில் ஏற்றித் தந்தான். அதிலிருந்து ஒரு வயரை எடுத்துப் பழைய ஆம்ப்ளிஃபயரில் சொருகித்தான் கேட்கிறேன்.

போன சித்திரையிலிருந்து பாட்டுக்கு அடியில் 'ஜ்ஜ்ம்ம்' என்று ஓர் இரைச்சல். ஐந்து கட்டைச் சுருதியில் மந்த்ர ஷட்ஜம், அதாவது கீழ் 'ஸ', நொடிக்கு 98 அதிர்வு; மத்திய ஷட்ஜம், நடு 'ஸ', 196. நம் வீட்டுக் கரண்ட் நொடிக்கு 50 சுற்று. அதனால் எழும் இரைச்சல் 50, 100, 200 என்று ஷட்ஜத்துக்கு ஒரு நூல் மேலேயே நிற்கிறது. தம்புராவோடு சேராமல் நொடிக்கு நாலு தரம் அலையடிக்கிறது. பிள்ளைகளைச் சுருதியில் நிற்க வைப்பதே வேலையாக இருந்தவளுக்கு இதைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை.

ஆம்ப்ளிஃபயரைப் பழுது பார்க்கிற கடைக்குத் தூக்கிப்போனேன். வால்யூமைத் திருகினால் இரைச்சலும் கூடவே ஏறுகிறது, குறைத்தால் அடங்குகிறது என்று சொன்னேன். காதில் வாங்கவே இல்லை. உள்ளே கரண்டைச் சீராக்குகிற பெரிய கண்டன்சர் போய்விட்டது என்று மாற்றி 1,850 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து போட்டால் அதே இரைச்சல். கண்டன்சர் காய்ந்திருந்தால் வால்யூமை முழுக்கக் குறைத்தாலும் இரையுமாம். வால்யூமோடு ஏறி இறங்கினால், அது வெளியிலிருந்து வயர் வழியாக உள்ளே வருகிறது என்று அர்த்தம். அன்றைக்கு எனக்கு இது தெரியாது. கடைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து வந்த எலெக்ட்ரீஷியன், "கம்ப்யூட்டர் பிளக்குல மூணாவது பின்னை வெட்டி விட்டுடுங்கம்மா, சரியாயிடும்" என்றார். கசிகிற கரண்டை மண்ணுக்கு இறக்குகிற எர்த் பின் அது. எனக்கு மனசு ஒப்பவில்லை. அவர் போனபிறகு வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். கம்ப்யூட்டரிலிருந்து வரும் பாட்டு வயரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து எடுத்ததும் ஸ்பீக்கர் கப்பென்று அடங்கிவிட்டது. அப்போது புறங்கை கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கத் தகட்டில் பட்டது. கட்டெறும்பு கடித்தாற்போல் சுள்ளென்றது. டெஸ்டரை வைத்தேன், எரிந்தது.

தங்கை மகன் மன்னார்குடியில் ஒயரிங் வேலை பார்க்கிறான். அவன் வந்து மெயினை அணைத்துவிட்டு சுவிட்ச் பெட்டியைக் கழற்றினான். உள்ளே பச்சை வயர், அதாவது எர்த் வயர், இருந்தது. சுருட்டி, டேப் சுற்றி, எதிலும் சேர்க்காமல் மூலையில் மடக்கி வைத்திருந்தது. வீடு கட்டின நாளிலிருந்து அந்த மூன்றாவது ஓட்டை வெறும் ஓட்டைதான். கம்ப்யூட்டரின் பவர் சப்ளையில் எப்போதும் ஒரு சின்னக் கசிவு இருக்கும். எர்த் வழியாக மண்ணுக்குப் போக வேண்டிய அது போக வழியில்லாமல் தகட்டில் ஏறி, பாட்டு வயரைப் பிடித்துக்கொண்டு ஆம்ப்ளிஃபயருக்குள் வந்திருக்கிறது.

எர்த் ஒழுங்காக உள்ள வீட்டில் பின்னை வெட்டினால் சில சமயம் இரைச்சல் நிற்கும் என்பது மெய்தான். ஆனால் பிறகு உள்ளே கரண்ட் தகட்டைத் தொட்டால் அதைத் தாங்க வேண்டியது நம் உடம்பு. அந்த மாதிரி இரைச்சலுக்கு இரண்டு பெட்டியையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து எடுத்தாலே பெரும்பாலும் போதும் என்கிறான் அவன்.

கொல்லையில் கிணற்றடிக்குப் பக்கத்தில் குழி வெட்டி, ஜி.ஐ. பைப்பை (துத்தநாகம் பூசின இரும்புக் குழாய்) இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு மூடினான். "வண்டல் மண்ணு பெரியம்மா, ஈரம் நிக்கும். கோடையில மட்டும் ஒரு குடம் தண்ணி ஊத்துங்க" என்றான். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே தானாக விழுந்து கரண்டை நிறுத்திவிடுகிற ஆர்.சி.சி.பி. என்ற சுவிட்ச் ஒன்றையும் வைத்துவிட்டுப் போனான். இரைச்சல் போய்விட்டது. ஃபேன் ரெகுலேட்டரை மூன்றில் வைத்தால் மட்டும் லேசாக ஒரு கரகரப்பு. ஐந்தில் வைத்தால் அதுவும் இல்லை.

ஐப்பசி மழை தொடங்கப்போகிறது. ஈரத் தரையில் நின்றுதான் நம் பெண்கள் கிரைண்டரையும் வாஷிங் மெஷினையும் தொடுகிறார்கள். என் வீட்டில் ஒரு பாட்டு காட்டிக்கொடுத்தது. கிரைண்டர் ஓடும் சத்தத்தில் எந்த இரைச்சல் கேட்கும்? மழைக்கு முன்னால் வீட்டு எர்த்தை எப்படிச் சோதிக்கச் சொல்வது, எலெக்ட்ரீஷியனிடம் என்ன கேட்பது என்று ஒரு மின் பொறியாளரைக் கொண்டு தங்கள் பத்திரிகையில் எழுத வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இசை ஆசிரியை,
திருவையாறு