ஹவுசிங்கைப் பிரிக்கும் முன்

அன்புக் கண்ணு,

நேற்றிரவு நீ விஜயவாடாவிலிருந்து பேசியது முதல் எனக்கு வேறு நினைவில்லை. லாரி 55 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் கியர் லீவர் உதறுகிறது, 65-க்கு மேல் போனால் சற்று அடங்குகிறது, காலி வண்டியில்தான் அதிகம் என்றாய். பட்டறையில் பின் ஆக்ஸில் ஹவுசிங்கைப் பிரித்து, உள்ளே இருக்கும் கிரௌன் பினியன் பல்சக்கரங்களை மாற்றச் சொல்கிறார்கள் என்றும் சொன்னாய். இந்தக் கடிதத்தில் உள்ளவற்றைப் பார்த்து முடிக்கும்வரை ஹவுசிங்கைப் பிரிக்கச் சம்மதிக்காதே. கிரௌன் பினியன் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் ஊளைச் சத்தம் கேட்கும்; நீ சத்தம் எதுவும் சொல்லவில்லை. போனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்பதால், வண்டிக்கு அடியில் படுக்கும்போது கையில் வைத்துப் பார்க்கும்படி எழுதி, அங்கே லோடு இறக்க வரும் நம் ஊர் வண்டிக்காரரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

அதிர்வு எங்கிருந்து வருகிறது என்பதை அது எவ்வளவு பொடியாக இருக்கிறது என்பதே காட்டிவிடும். நம் 10.00-20 டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 3.2 மீட்டர் உருளும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நிமிடத்துக்கு 1,000 மீட்டர் போகிறது. ஆகவே சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 5.2 சுற்றுதான் சுற்றும். ஆக்ஸில் ரேஷியோவை 6 என்று வைத்துக்கொண்டால், அதாவது சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஆறு சுற்று என்றால், கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் ஷாஃப்ட் நொடிக்கு 31 சுற்று சுற்றும். டயரோ டிரம்மோ கோணலாக இருந்தால் குலுக்கலை ஒவ்வொன்றாக உணர முடியும். தண்ணீர் பாட்டிலில் பொடி அலை எழுவதாக நீ சொன்னாயே, அது சக்கரத்தின் வேலை அல்ல. எனவே டயரை மாற்றிப் போட்டுப் பார்க்கும் செலவு வேண்டாம்.

சமதளமான, வண்டி நடமாட்டம் இல்லாத சாலையில் 60-க்கு வந்ததும் சில நொடிகள் மட்டும் நியூட்ரலில் விட்டுப் பார். இறக்கத்தில் இதை ஒருபோதும் செய்யாதே. இன்ஜினையும் அணைக்காதே, காற்று பிரேக்குக்கு அது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நியூட்ரலிலும் அதிர்வு குறையாமல் அப்படியே இருந்தால் இன்ஜினும் கிளட்ச்சும் குற்றமற்றவை. கியர்பாக்ஸுக்குப் பின்னால் தேடலாம்.

நீ பிறப்பதற்கு முன் நான் ஓட்டிய வண்டியில் இதே தொல்லை வந்து, ஷாஃப்ட்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கை ஒரே ஆண்டில் மூன்று முறை மாற்றினேன். பினியன் ஆயில் சீல் இரண்டு முறை கசிந்தது. கடைசியில் வயதான மெக்கானிக் ஒருவர், ஷாஃப்ட் நீளவும் குறுகவும் இடம் தரும் ஸ்லிப் ஜாயின்ட்டின் மேலிருந்த கிரீஸையும் மண்ணையும் டீசல் துணியால் துடைத்து, இரண்டு அம்புக்குறிகளைக் காட்டினார். அவை ஒன்றையொன்று பார்க்காமல் ஒரு பல் தள்ளி நின்றன. யாரோ ஷாஃப்ட்டைக் கழற்றியபோது குறியைப் பார்க்காமல் மாட்டியிருக்கிறார்கள். ஷாஃப்ட்டின் முனையிலுள்ள யுனிவர்சல் ஜாயின்ட் சாய்ந்து சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஷாஃப்ட்டின் வேகம் இருமுறை கூடும், இருமுறை குறையும். ஒரு முனை கூட்டியதை மறுமுனை கழித்துவிட வேண்டும். அதற்கு இரண்டு முனைகளிலும் கவை போலிருக்கும் யோக்குகள் ஒரே தளத்தில் இருக்க வேண்டும், இரண்டு கோணங்களும் சமமாக இருக்க வேண்டும். அன்று குறியை நேராக்கி மாட்டிய பிறகு அந்த வண்டியில் நான் சென்டர் பேரிங்கைத் தொடவே இல்லை.

ஆகவே சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போட்டு, சாவியைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு அடியில் போ. முதலில் அம்புக்குறிகளைப் பார். அடுத்து ஜாயின்ட்டின் நடுவில் சிலுவை போலிருக்கும் ஒவ்வொரு கிராஸுக்கும் கிரீஸ் அடித்து, அதன் முனைகளிலுள்ள நான்கு கப்பிலிருந்தும் புது கிரீஸ் வெளிவருகிறதா என்று கவனி. கப்பின் ஓரத்தில் குங்குமம் போலச் சிவந்த துருத்தூள் படிந்திருந்தால் உள்ளே ஊசி ரோலர்கள் காய்ந்துவிட்டன, அந்தக் கிராஸை மாற்றியாக வேண்டும். சென்டர் பேரிங்கின் ரப்பர் கிழிந்து தொங்குகிறதா, ஷாஃப்ட் குழாய் எங்காவது நசுங்கியிருக்கிறதா, பேலன்ஸுக்கு ஒட்டவைத்த தகடு விழுந்து வெல்டிங் தழும்பு மட்டும் நிற்கிறதா என்பதையும் பார். குழாயில் தார் ஒட்டியிருந்தால் சுரண்டிவிடு.

ஆனால் எனக்கு உள்ள பெரிய சந்தேகம் வேறு. போன ஆடியில் பின் ஸ்பிரிங் பட்டைகளை வளைத்து அடித்து, ஒரு பட்டை கூடுதலாக வைத்தோம். காலி வண்டி உயர்ந்து நிற்பதால் ஷாஃப்ட்டின் சாய்வு கூடும். லோடு ஏறினால் பட்டை தாழ்ந்து சாய்வு குறையும். நீ சொன்னதோடு இது அப்படியே பொருந்துகிறது. பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் இடையில் ஓர் ஆப்புத் தகடு உண்டு. அதைத் திருப்பி வைத்துவிட்டார்களோ என்று இப்போது நினைக்கிறேன். 3 பாகை தகடு முன்பின்னாகத் திரும்பினால் பினியனின் கோணம் 6 பாகை மாறிவிடும். அன்று நான் நேரில் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

உன் எட்டாம் வகுப்பு ஜியாமெட்ரி பெட்டியில் இருந்த பாகைமானியை இத்துடன் வைத்திருக்கிறேன். நடுத்துளையில் நூல் கட்டி, நூலின் முனையில் ஒரு நட்டைத் தொங்கவிட்டிருக்கிறேன். சமதளத்தில் காலி வண்டியை நிறுத்தி, பாகைமானியின் நேர்விளிம்பை முன் ஷாஃப்ட், பின் ஷாஃப்ட் இரண்டின் அடியிலும் ஒட்டிப் பிடி. ஷாஃப்ட்டை இணைக்கும் வட்டத் தட்டுகளான கியர்பாக்ஸ் ஃபிளாஞ்ச், பினியன் ஃபிளாஞ்ச் இரண்டிலும் அவற்றின் முகத்தோடு ஒட்டிப் பிடி. நட்டு ஆடி அடங்கிய பிறகு நூல் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று எழுது. லோடு ஏற்றிய பின் அதே நான்கு அளவையும் மறுபடி எடு. பின் ஷாஃப்ட் ஒரு முனையில் முன் ஷாஃப்ட்டோடும் மறுமுனையில் பினியனோடும் சாயும் இரு கோணங்களுக்கும் இடையே ஒரு பாகைக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. ஒவ்வொரு கோணமும் 3 பாகைக்குள் இருந்தால் நல்லது. எந்த முனையிலும் கோணம் முற்றிலும் இல்லாமல் போகவும் கூடாது, ரோலர்கள் அசையாமல் ஒரே இடத்தில் குழி விழும்.

எட்டு அளவுகளையும் படம் எடுத்து அனுப்பு. ஆப்புத் தகட்டை எப்படித் திருப்ப வேண்டும், எவ்வளவு கனத்தில் வைக்க வேண்டும் என்று நான் கணக்குப் போட்டுச் சொல்கிறேன். அதுவரை 50-க்கு மேல் ஓட்டாதே. முன் ஜாயின்ட் கழன்று ஷாஃப்ட் தரையில் குத்தினால் என்னவாகும் என்பதை நான் ஒரு முறை சாலையில் பார்த்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா